"பீட்டா தானே" என்று சொல்லி வாயை மூடாதீர்கள்

போன கிழமை ஒரு ஒன்லைன் கேமின் பீட்டாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தோம். சேர்வர் ஒவ்வொரு இரவும் விழுகிறது, ஆனால் உள்ளே இருக்கிற கடை மட்டும் ஒரு நிமிடமும் விழவில்லை என்று. அவ்வளவுதான். கீழே வந்த பதில்களில் பாதி ஒரே பதில்: "பீட்டா தானே சேர், ஏன் சூடாகிறீங்க?" அப்படி எழுதியவர்களில் எங்களிடம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடந்து போகலாம், கோபமில்லை.

நாங்கள் என்றால் நாலு ஆசிரியர்கள். கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். அந்தக் காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. இன்னும் வெளிவராத கேம்களுக்குப் பெயர் கொடுப்பது, கிடைத்தால் ஆடுவது, பிழை கண்டால் எழுதி அனுப்புவது. இன்று நாலு ஊரில் நாலு பாடசாலையில் இருந்தாலும் நோன்பு விடுமுறையில் தராவீஹ் முடிந்தால் சஹர் வரைக்கும் ஒன்றாகத்தான் இருப்போம். "பிள்ளைகளுக்கு போனைத் தொடாதே என்று சொல்லிவிட்டு இவர் செய்கிற வேலையைப் பாருங்கள்" என்று வீட்டில் சொல்வார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

ஆனால் சோதனை என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். அது விளையாட்டு அல்ல. ஒரே கதவை நாற்பது தடவை திறந்து மூடுவது. இரண்டு பேர் பொருள் மாற்றிக்கொள்ளும்போது ஒருவர் வைபையை வேண்டுமென்றே துண்டித்து, பொருள் இரண்டாகப் பெருகுகிறதா என்று பார்ப்பது. சுவரும் பாறையும் சேரும் மூலையில் உடம்பை இடித்து இடித்து உள்ளே விழுவது. பிறகு உட்கார்ந்து எழுதுவது: எந்த போன், எந்த நெட்வேர்க், என்ன செய்தோம், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, பத்துத் தடவையில் எத்தனை தடவை நடந்தது. விஞ்ஞான பாடத்தில் பரிசோதனைக் குறிப்பு எழுதச் சொல்வோமே, அதேதான். இரவு இரண்டு மணிக்கு, சம்பளமில்லாமல்.

சம்பளம் நாங்கள் கேட்கவில்லை. விரும்பித்தான் செய்கிறோம். ஆனால் செய்கிறவனிடமே காசு வாங்கிவிட்டு அதற்கும் "பீட்டா" என்று பெயர் வைத்தால் பேசாமல் இருக்க முடியாது.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1997 இல் அல்டிமா ஒன்லைன் பீட்டா வைத்தபோதே அந்த சீடிக்கு 5 டொலர் வாங்கினார்கள். ஆனால் அந்தப் பீட்டாவில் சோதனை உண்மையாகவே நடந்தது. ஆட்களைக் கூட்டமாக ஏற்றி சேர்வர் தாங்குமா என்று பார்த்த ஓகஸ்ட் மாதச் சோதனையில், கேமை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் தன்னுடைய லோர்ட் பிரிட்டிஷ் பாத்திரத்தோடு மக்கள் முன் வந்தார். யாரும் கொல்ல முடியாத ராஜா. சேர்வர் விழுந்து எழும்பியதில் அந்தப் பாதுகாப்பை மறுபடி போட மறந்துவிட்டார். ரெய்ன்ஸ் என்ற பெயரில் ஆடிய ஒருவர் நெருப்பு மந்திரம் ஒன்றை எறிந்தார், ராஜா செத்தார். ரெய்ன்ஸைத் தடை செய்தார்கள். ராஜாவைக் கொன்றதற்கு அல்ல, பிழைகளை அறிவிக்காமல் தன் இலாபத்துக்குப் பாவித்தார் என்று அவர் மேல் ஏற்கெனவே முறைப்பாடுகள் இருந்தன என்றார்கள். அந்தக் காரணத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சோதனையாளனுக்கு ஒரு கடமை இருக்கிறது என்றாவது அன்று சொன்னார்கள்.

இன்று? 2020 ஏப்ரலில் வலோரன்ட்டின் மூடிய பீட்டா வந்தபோது உள்ளே போக வழி, ட்விச்சில் மற்றவர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. அதிர்ஷ்டம் இருந்தால் அனுமதி விழும். ஒரே நேரத்தில் 17 இலட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் எத்தனை பேர் பிழை தேட வந்தவர்கள்? 2023 மார்ச்சில் டியாப்லோ 4, காசு கட்டி முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு வார இறுதி, மற்றவர்களுக்கு அடுத்த வார இறுதி. ஸ்டார் சிட்டிசன் 2012 இல் மக்களிடம் பணம் திரட்டத் தொடங்கி 50 கோடி டொலரையும் தாண்டிவிட்டது, பெயர் இன்னும் அல்பா. டேஸெட் 2013 டிசம்பரில் முடியாத நிலையில் விற்பனைக்கு வந்தது, "முடிந்தது" என்று சொல்ல 2018 டிசம்பர் ஆனது. ஐந்து வருடம் விற்பனையில் இருந்த பொருளை எந்த ஊரில் மாதிரி என்பார்கள்? கடைக்காரர் புழு உள்ள மாவை விற்றுவிட்டு "இது பரீட்சார்த்த மாவு" என்று சொன்னால் விடுவீர்களா?

உடனே ஒருவர் வருவார்: ஆட்கள் கூட்டமாக வராமல் சேர்வரைச் சோதிக்க முடியாது சேர் என்று. சரி. அது நியாயமான பேச்சு. பத்தாயிரம் பேர் ஒன்றாக ஏறினால் என்ன நடக்கும் என்று அலுவலகத்தில் முப்பது பேரை வைத்துப் பார்க்க முடியாது. 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் பீட்டாவில் சிலருடைய விலையுயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டுகளே செத்துப்போனதும் அப்படித்தான் வெளியே வந்தது. குறை கார்டிலும் இருந்தது. கூட்டம் வேண்டும் என்றால் கூட்டத்தைக் கூப்பிடுங்கள். கடையை மூடி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

இதில் சூடாவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களில் ஒருவருடைய வகுப்பில் தரம் 11 படிக்கிற பையன். வாப்பா கட்டாரில். உம்மாவின் கார்டில் இருபது டொலர் போட்டு ஒரு பீட்டாவில் "ஸ்தாபகர் பெக்" வாங்கியிருக்கிறான். எங்கள் காசுக்கு ஆறாயிரம் ரூபா. மூன்று கிழமையில் பீட்டா முடிந்தது, கணக்குகள் எல்லாம் துடைக்கப்பட்டன, ஆயுதமும் உடுப்பும் போய்விட்டன. துடைப்போம் என்று நிபந்தனைகளில் எழுதித்தான் இருக்கிறது, பதினேழாம் பந்தியில், ஆங்கிலத்தில். உம்மா பாடசாலைக்கு வந்து அழுதபோது அவன் சொன்னது என்ன தெரியுமா? "பீட்டா தானே சேர்." ஏமாற்றப்பட்ட பிள்ளையே ஏமாற்றியவனுக்காக வாதாடுகிறான். எங்களுக்கு வலித்தது ஆறாயிரம் அல்ல, அந்த மூன்று சொல்.

எங்களிலும் பிழை இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. மேலே சொன்ன பொருள் பெருகும் பிழையை ஒருமுறை நாங்களே கண்டுபிடித்து இரண்டு நாள் அறிவிக்காமல் வைத்திருந்தோம். எப்படியும் துடைக்கப்போகிற தங்கம்தான், இருந்தாலும் பணக்காரனாக நடமாடுவதில் ஒரு சுகம். ரெய்ன்ஸைப் பற்றிப் பேச எங்களுக்கும் முழு உரிமை இல்லை.

அறிவித்தால் மட்டும் கேட்கிறார்களா? 2010 இல் பைனல் ஃபேண்டஸி 14 ஐப் பீட்டாவில் ஆடியவர்கள் இது ஆகாது, மெனு மெதுவாக இருக்கிறது என்று கத்தினார்கள். கேட்காமல் செப்டெம்பரில் வெளியிட்டார்கள். 2012 இல் அந்த உலகத்தையே அழித்து 2013 இல் புதிதாகக் கட்டினார்கள்.

எங்கள் விஷயம் அதைவிடச் சின்னது. அரட்டைப் பெட்டியில் "கொழும்பு" என்று தட்டினால் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. தமிழ் எழுத்தைக் கோர்க்கும் வேலையைச் செய்யாமல் வந்த ஒழுங்கிலேயே அச்சடித்தால் இப்படித்தான் வரும். மூன்று கேம்களுக்குப் படத்தோடு எழுதினோம். ஒன்றிலிருந்து நன்றி வந்தது, திருத்தம் வரவில்லை. நாங்கள் நிரப்பிய படிவங்களில் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாதவையே கூட. சிங்கப்பூர் என்று பொய் சொல்லித்தான் உள்ளே போகிறோம். பொய் சொல்லிப் போய் அவர்களுக்கு இலவசமாக வேலை செய்கிறோம், சிரிப்பு வருகிறதா?

ஆகவே பிள்ளைகளே, பீட்டாவுக்குப் போங்கள், தடுக்கவில்லை. கார்டைக் கொண்டு போகாதீர்கள். உள்ளே கடை திறந்திருந்தால் அங்கே நீங்கள் வாடிக்கையாளர், வாடிக்கையாளரைப் போலச் சண்டை பிடியுங்கள். கடை இல்லாவிட்டால் பிழையைத் தேடி எழுதுங்கள். அந்தத் தரம் 11 பையன் இப்போது எங்களோடு சேர்ந்து ஒரு அறிக்கை எழுதுகிறான். நேற்றுக் காட்டினான். "கேம் சரியில்லை" என்று ஒரே வரி. திருப்பிக் கொடுத்திருக்கிறோம், எந்த போன், எந்த நெட்வேர்க், எத்தனை தடவை என்று சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வரச் சொல்லி.