பால் நம்முடையது, பெயர் யாருடையது?

இத்தாலியில் போ நதிச் சமவெளியின் மாட்டுப் பண்ணைகளில் பால் கறப்பவர்களில் கணிசமானோர் பஞ்சாப் சீக்கியர். 1980-களிலிருந்து போய்ச் சேர்ந்தவர்கள்; நொவெல்லாரா ஊரில் 2000-ல் குருத்வாராவும் எழுப்பிவிட்டார்கள். கறவை அவர்களுக்குப் பிறந்த வீட்டிலேயே தெரியும். அங்கே கற்றது வேறு.

பார்மா வட்டாரத்துப் 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ' பாலாடைக்கட்டி ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால் பிடிக்கும். தேறுவது 40 கிலோ. குறைந்தது 12 மாதம் முதிர்ந்த பிறகே முத்திரை. குறித்த சில மாவட்டத்துப் பால்தான் செல்லும். புளிக்கவைத்த பதனப்புல் தின்ற மாட்டின் பால் ஆகாது! (நம் பக்கம் கோடையில் பசும்புல் கிடைத்தாலே பெரிது.) திராட்சை மதுவிலும் இதே கண்டிப்பு, கியாந்தி மதுவுக்கு 1716-லேயே எல்லை வகுத்து ஆணை பிறந்தது. கறந்த கை எவருடையது என்று முத்திரை சொல்லாது, எந்த மண் என்று சொல்லும்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம் பையன்கள் சிப்காட் ஷிப்டுக்குப் போகிறார்கள். வீட்டிலிருப்பவர்கள் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார்கள். கொழுப்பையும் இதர சத்தையும் அளந்து விலை. ஊர்ப் பெயருக்குக் காசு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றதே, அதற்கு விண்ணப்பித்தது அவ்வூர்க் கூட்டுறவுப் பால் சங்கம்தான். நம் சங்கங்களும் ஒரு பங்குப் பாலையாவது ஒரே பக்குவத்தில் நெய்யாகவோ கோவாவாகவோ ஆக்கி, ஊர்ப் பெயரிட்டு விற்றுப் பார்க்கலாம். தண்ணீர் கலப்பவரை உறுப்பினர்களே விலக்கும் கட்டுப்பாடு முதலில் வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதை எழுந்து கேளுங்கள்.