எதையும் எரிக்கும் அடுப்பு என்று ஒன்று இல்லை

2021இல் ஏறத் தொடங்கிய எரிவாயு விலை, அடுத்த ஆண்டு உக்ரைன் போர் வந்ததும் ஐரோப்பா முழுவதும் எகிறியது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலக் கட்டணத்தை நினைத்துப் பயந்துபோன குடும்பங்கள் பழைய வழிக்குத் திரும்பின. அடைத்துப் போட்டிருந்த புகைபோக்கிகளைத் திறந்தார்கள். விறகுக் கடைகளிலும் அடுப்புக் கடைகளிலும் கூட்டம் கூடியது. அப்போது பலரும் விரும்பி வாங்கியது ‘மல்டி ஃபியூவல் ஸ்டவ்’ எனப்படும் கணப்பு அடுப்பு. அதில் விறகும் போடலாம், நிலக்கரியும் போடலாம், புகையில்லாக் கரிக்கட்டியும் போடலாம். எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எரித்துக் குளிர்காய்ந்துகொள்ளலாம் என்ற நினைப்புதான் அதன் கவர்ச்சி.

ஆபத்தும் அந்த நினைப்பில்தான் இருக்கிறது. அடுப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திறந்த கணப்பில் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். கதவு மூடிய நல்ல அடுப்போ 70 முதல் 80 சதவீத வெப்பத்தை அறைக்குத் தருகிறது. ஆனால் ஒவ்வோர் எரிபொருளும் ஒவ்வொரு விதமான தீயைக் கேட்கிறது. அது தெரியாதவர் கையில் இந்த அடுப்பு சொந்த வீட்டையும் கெடுக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலையும் கெடுக்கும். விற்பவர்கள் இதைச் சொல்லி விற்பதில்லை. சட்டமும் வெகுகாலம் இதைக் கண்டுகொள்ளவில்லை.

அடுப்பின் கதவைத் திறந்து பார்த்தால் விஷயம் விளங்கும். வார்ப்பிரும்பாலோ உருக்குத் தகட்டாலோ ஆன பெட்டி. உட்சுவரில் சூடு தாங்கும் செங்கல். அடியில் கம்பித்தட்டு, அதற்கும் கீழே சாம்பல் தட்டு. காற்று நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கம்பித்தட்டுக்கு அடியிலிருந்து மேலே ஏறுவது. மற்றொன்று, மேலே நுழைந்து கதவுக் கண்ணாடியைத் தழுவிக்கொண்டு கீழே இறங்குவது. இந்த இரண்டையும் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

நிலக்கரிக்குக் காற்று அடியிலிருந்து வர வேண்டும். அதனால்தான் அதற்குக் கம்பித்தட்டு. பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து நாளுக்கு இரண்டு முறையாவது தட்டை ஆட்டிச் சாம்பலை உதிர்த்துவிடாவிட்டால் தணல் மூச்சுமுட்டி மங்கிவிடும். கீழே உள்ள தட்டில் சாம்பல் நிரம்பி கம்பியைத் தொட்டுவிட்டால், குளிர்ந்த காற்று பட வழியில்லாமல் வார்ப்பிரும்புக் கம்பியே சூட்டில் வளைந்துபோகும். விறகின் கதை இதற்கு நேர்மாறு. விறகிலிருந்து வரும் வெப்பத்தில் பெரும்பகுதி, சூடேறும்போது அதிலிருந்து வெளியேறும் வாயுக்கள் எரிவதால் கிடைப்பது. அந்த வாயுக்கள் கட்டைக்கு மேலே மிதக்கின்றன. எனவே காற்றும் மேலிருந்துதான் வர வேண்டும். ஓர் அங்குலச் சாம்பலை மெத்தைபோல விட்டுவைத்து அதன்மேல் எரிப்பதே முறை. தீ பிடித்து நின்றதும் அடிக்காற்றை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் விறகு திகுதிகுவென்று எரிந்து தீரும், சூடு புகைபோக்கிக்குப் போகும்.

சரியாக எரிகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணாடி தெளிவாக இருந்து, உள்ளே செங்கல் வெளுத்து, வெளியே கூரைக்கு மேல் புகையே தெரியாவிட்டால் தீ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி கறுத்தால் விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது காற்று போதவில்லை. பற்றவைக்கும் விதத்திலும் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. பெரிய கட்டைகளை அடியில் அடுக்கி, சுள்ளிகளை மேலே வைத்து, உச்சியில் தீ வைக்கிறார்கள். கீழே இருக்கும் கட்டையிலிருந்து எழும் வாயு மேலே உள்ள சுடருக்குள் புகுந்து எரிந்துவிடுவதால், முதல் கால் மணி நேரத்துப் புகை வெகுவாகக் குறைகிறது.

ஈர விறகுதான் எல்லாக் கெடுதலுக்கும் தொடக்கம். அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை அடுப்பில் போட்டால் தீ முதலில் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. மிச்சம் மீதிதான் அறைக்கு. 20 சதவீத ஈரத்துக்கு உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் வெப்பம் தரும் என்றால், பச்சை விறகு அதில் பாதியைத்தான் தரும். மலிவு என்று வாங்கியவர் பணம் கொடுத்துத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பிளந்த விறகை மேற்கூரை போட்டு, பக்கங்களைக் காற்றாடத் திறந்துவிட்டு, ஓராண்டு, ஓக் போன்ற வன்மரமானால் இரண்டாண்டு உலரவிட வேண்டும். ஈரமானியால் அளப்பவர்களும் கட்டையின் வெளித்தோலில் குத்திப் பார்த்து ஏமாறக் கூடாது. கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்தினால்தான் உண்மை தெரியும்.

அடுத்த தவறு விறகையும் கரியையும் ஒன்றாகப் போடுவது. பல எரிபொருள் என்றால் ஒரே நேரத்தில் பல எரிபொருள் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. கரியிலும் கரிக்கட்டியிலும் கந்தகம் இருக்கிறது, விறகில் ஈரம் இருக்கிறது. இரண்டும் புகைபோக்கிக்குள் சேர்ந்தால் கந்தக அமிலம்தான் உண்டாகும். ஆயிரக்கணக்கான பவுண்டு செலவழித்துப் புகைபோக்கிக்குள் இறக்கிய எஃகுக் குழாயை அது சில ஆண்டுகளில் அரித்துத் தின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒன்று, இதுதான் நியதி.

மூன்றாவது, படுக்கப் போகும்போது காற்றை முழுக்க அடைத்து, விடியும்வரை விறகைக் கனன்றுகொண்டே இருக்கவிடுவது. ஆந்த்ரசைட் என்னும் நல்ல நிலக்கரி இரவு முழுவதும் அமைதியாகத் தணலாக இருக்கும். அந்த வேலைக்கு அது பொருத்தமானது. விறகு அப்படியில்லை. காற்றில்லாமல் புழுங்கும் விறகிலிருந்து எழும் எரியாத புகை, புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் தாராகப் படிகிறது. ஒருநாள் அந்தத் தார் தீப்பிடித்தால் கூரைக்கு மேல் நெருப்பு பீறிடும்.

இந்தப் பாடங்களைப் பிரிட்டன் கற்றது உயிர்களைக் கொடுத்து. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நச்சுமூட்டத்தில் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வாளர்கள் 12,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். போருக்குப் பிந்தைய கடனில் தவித்த நாடு, நல்ல கரியை ஏற்றுமதி செய்துவிட்டு, தூளும் துண்டுமான மட்டக் கரியைத் தன் மக்களின் கணப்புக்கு விற்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1956இல், தூய காற்றுச் சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை அறிவிக்கலாம், அங்கே புகையும் எரிபொருளை எரிக்கக் கூடாது என்றானது.

டப்ளின் கதை இன்னும் தெளிவானது. எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் அயர்லாந்து மக்கள் நிலக்கரிக்கு மாறினார்கள்; 1980களில் டப்ளினின் குளிர்கால வானம் கறுத்தது. 1990 செப்டம்பர் 1 முதல் அந்நகரில் புகையும் கரியை விற்பதற்கே தடை விதிக்கப்பட்டது. யாருடைய அடுப்பையும் அரசு பிடுங்கவில்லை, யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. கடையில் விற்கும் சரக்கை மட்டும் மாற்றியது. காற்றில் கரும்புகை சுமார் 70 சதவீதம் குறைந்தது. சுவாச நோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை 15 சதவீதத்துக்கு மேல் சரிந்ததை 2002இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இதய நோய் மரணங்களும் குறைந்ததாக அந்த ஆய்வு சொன்னது. ஆனால் அந்தச் சரிவு தடை இல்லாத ஊர்களிலும் இருந்ததைப் பின்னர் நடந்த மறு ஆய்வு கண்டது. அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரே ஓர் உத்தரவுக்கு இது சிறிய பலன் இல்லை. இவ்வளவு தெரிந்தும் அந்தத் தடை நாடு முழுவதற்கும் வர 2022 அக்டோபர் 31 வரை ஆனது. 32 ஆண்டுத் தாமதத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

இங்கிலாந்து 2021 மே மாதத்தில் அதே பாதைக்கு வந்தது. பையில் அடைத்த சாதாரண வீட்டுக் கரி அப்போதே நின்றது. சில்லறையாக அளந்து விற்பது 2023இல் நின்றது. சிறிய அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மிகக் கூடாது, கரிக்கட்டியில் கந்தகம் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆந்த்ரசைட்டுக்குத் தடை இல்லை, அது இயல்பாகவே புகையாது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் கூரையிலிருந்து புகை கிளம்பினால் 300 பவுண்டு வரை அபராதம். சட்டம் நல்ல சட்டம். ஆனால் நிறைவேற்றும் பொறுப்பு ஊழியர் பற்றாக்குறையில் தத்தளிக்கும் உள்ளாட்சிகளின் தலையில் விழுந்திருக்கிறது. அபராதம் கட்டியவர்கள் வெகு சிலரே.

அடுப்பையே ஒழித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் வலுவான ஆதாரமும் இருக்கிறது. பிரிட்டனில் காற்றில் கலக்கும் நுண்துகள்களில் கணிசமான பங்கு வீடுகளில் எரிக்கும் விறகும் கரியும் உமிழ்வது. ரத்தத்தில் கலக்குமளவு நுண்ணிய அந்தத் துகள், புதிய ரக அடுப்பிலிருந்தும் வரத்தான் செய்கிறது. எரிவாயுக் குழாயும் மின்சாரமும் உள்ள லண்டன் வீட்டில், மாலை நேர அழகுக்காக ஒருவர் மூட்டும் தீக்கு அந்தத் தெருவே மூச்சால் விலை கொடுக்கிறது. மாநகரில் வேறு வழி இருப்பவர் இதை மூட்டாமல் இருப்பதே நாகரிகம்.

கிராமத்தின் நிலைமை வேறு. ஸ்காட்லாந்து அரசு 2024 ஏப்ரலில் புதிய வீடுகளில் விறகு அடுப்புக்குத் தடை போட்டது. மலைப்பகுதி மக்களும் தீவு மக்களும் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. 2025 ஜனவரியில் எயோவின் புயல் அயர்லாந்தில் 7 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளைத் துண்டித்தது. உறைபனியில், மின்கம்பி அறுந்த ஊரில், ஒரு முதியவரைக் காப்பாற்றுவது மூலையில் எரியும் இந்த அடுப்புதான். அதைப் பிடுங்குவது நகரத்தார் பார்வையில் எழுதிய சட்டம். எங்கே எரிக்கிறோம், எதை எரிக்கிறோம் என்ற இரண்டையும் பார்த்து விதி செய்ய வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே விதி சரிப்படாது.

விற்கும் இடத்திலும் கட்டுப்பாடு வேண்டும். பெரிய அடுப்பை விற்றால் கடைக்கு லாபம். ஆனால் அறையின் கன மீட்டரை 14ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் அடுப்பு போதும் என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். 50 கன மீட்டர் கூடத்துக்கு மூன்றரை, நான்கு கிலோவாட் தாராளம். அங்கே எட்டு கிலோவாட் அடுப்பை வைத்தவர் புழுக்கம் தாங்காமல் காற்றை அடைப்பார். அடைத்தால் புகையும் தாரும்தான். வாங்கும்போதே எந்த எரிபொருளுக்கு எந்தக் காற்று என்று ஒரு பக்கத் தாளாவது தந்து, பற்றவைத்துக் காட்டித்தான் விற்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கலாம்.

கார்பன் மோனாக்சைடைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிறமில்லை, மணமில்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இங்கிலாந்தில் புதிதாக இத்தகைய அடுப்பு பொருத்தினால் அதே அறையில் எச்சரிக்கைக் கருவி வைக்க வேண்டும் என்பது 2010 முதல் விதி. நம் மலையூர்களில் அப்படியொரு காவல் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குப் பயந்து, சமையல் கரியைத் தட்டில் போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழாத செய்தி அவ்வப்போது வருகிறது. இரும்பு அடுப்பில் நச்சை வெளியேற்ற ஒரு குழாயாவது உண்டு. குமுட்டி அடுப்பிலும் தட்டுக் கரியிலும் அதுவும் கிடையாது.

இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ வீடு வாங்கி, கூடத்தில் இந்த அடுப்பைக் கண்டு மகிழும் தமிழ்க் குடும்பங்கள் முதல் தீயை மூட்டுவதற்கு முன் மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். புகைபோக்கியைத் துப்புரவு செய்பவரை அழைத்து, அடைப்போ ஓட்டையோ இல்லையென்று பார்த்துச் சான்று வாங்குங்கள். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை, விறகே எரிப்பதானால் இரண்டு முறை அவரை வரவழையுங்கள். எச்சரிக்கைக் கருவியை வாங்கி மாட்டி, பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். சாம்பலை அள்ள மூடியுள்ள இரும்பு வாளி ஒன்றை வீட்டுக்கு வெளியே வையுங்கள். ஆறிவிட்டதாகத் தெரியும் சாம்பலுக்குள் ஒரு நாளைக்கு மேலும் கங்கு உயிரோடு இருக்கும். நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ குளிர்காலச் சுற்றுலா போகிறவர்கள் இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எரியும் கரியை மட்டும் எக்காரணம் கொண்டும் தூங்கும் அறைக்குள் கொண்டுவராதீர்கள்.