கிருஷ்ணன் வேண்டாமென்ற பணம்

தோட்டத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் ஒன்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "வாத்தியாரே, பிள்ளை நல்லாத்தான் ஆடுது. கப்பும் கொண்டு வருது. ஆனா இதெல்லாம் சோறு போடுமா?" கோத்தா கோலா மூடாப் பக்கமிருந்து ஒரு தாயார் சென்ற மாதம் இதையே கேட்டார். மகளுக்கு 13 வயது. பூப்பந்து மட்டையைக் கையில் எடுத்தால் பையன்களே பயப்படுகிறார்கள். அந்தத் தாயாருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தமிழரின் கதையைச் சொல்கிறேன், வாசகர்களும் சேர்ந்து கேளுங்கள்.

பெயர் ராமநாதன் கிருஷ்ணன். நாகர்கோவிலில் 1937-இல் பிறந்தவர். ஆட்டம் டென்னிஸ். நம் பக்கத்தில் டென்னிஸ் என்றால் துரைமார் கிளப்புத்தான் நினைவுக்கு வரும். துரையும் துரைசாணியும் வெள்ளை உடையில் ஆட, லயத்துப் பிள்ளைகள் பந்து பொறுக்கிக் கொடுத்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பந்துக்குள்ளே இருந்தது நம் ஆட்கள் வெட்டிய ரப்பர். மட்டை மட்டும் நம் கைக்கு வரவில்லை.

கிருஷ்ணன் கைக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய அப்பா, டி.கே. ராமநாதன். அவரே நல்ல ஆட்டக்காரர். மகனுக்கும் அவரே குரு. 1951-இல், பள்ளி மாணவனாக இருக்கும்போதே, கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ரம் கிண்ணப் போட்டியில் தனி அனுமதி வாங்கி ஆடி, வென்றும் விட்டார் பையன். 1954-இல் லண்டன் விம்பிள்டனில் சிறுவர் பட்டம். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர்தான். இறுதியில் தோற்றவர் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பர். நாலே வருஷத்தில் விம்பிள்டன் பெரியவர் பட்டத்தையே பிடித்த ஆள்!

கிருஷ்ணனிடம் இடி முழக்கமான அடி கிடையாது. பந்தை முதலில் போடும் அடிகூட மென்மையானதுதான். எதிராளி நிற்காத இடம் எது என்று பார்த்துப் பந்தை அங்கே கொண்டுபோய் வைப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எத்தனை பேரை விரட்டியது தெரியுமா? 1959-இல் டேவிஸ் கிண்ணப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் ராட் லேவரைத் தோற்கடித்தார். 1960-இல் விம்பிள்டன் அரையிறுதி. 1961-இல் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்று மறுபடியும் அரையிறுதி. அங்கே லேவரிடம் தோல்வி. 1962-இல் நாலாம் தர வரிசை கொடுத்தார்கள். கணுக்கால் காயம் இடையில் விலக வைத்துவிட்டது.

இப்போது பண விஷயத்துக்கு வருவோம். 1968 வரை விம்பிள்டனில் பரிசுப் பணம் கிடையாது. காசுக்கு ஆடுகிறவருக்கு அங்கே இடமும் கிடையாது. காசு வேண்டுமென்றால் ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் நடத்திய தொழில்முறைக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும். அந்தக் கிரேமர் கிருஷ்ணனைத் தேடி வந்தார். மூன்று வருஷத்துக்கு 150,000 அமெரிக்க டாலர் உத்தரவாதம் என்றார். அன்றைய மலாயா வெள்ளிக்கு மாற்றினால் நாலரை லட்சம். பால்வெட்டுக்காரர் நாள் முழுக்கப் பாடுபட்டுச் சில வெள்ளிகள் எண்ணிய காலம் அது.

கிருஷ்ணன் வேண்டாம் என்றார். வாங்கியிருந்தால் விம்பிள்டன் கதவு சாத்தியிருக்கும். இந்தியாவுக்காக டேவிஸ் கிண்ணமும் ஆட முடிந்திருக்காது. லேவர் 1962 கடைசியில் தொழில்முறைக்குப் போனார். ஐந்து வருஷம் விம்பிள்டன் பட்டப் போட்டியில் ஆட முடியவில்லை. எது லாபம், எது நஷ்டம் என்று அவரவர் கணக்கு.

வேண்டாமென்றதில் கிருஷ்ணனுக்குக் கிடைத்தது என்ன? 1966-இல் கல்கத்தாவில் இந்தியாவும் பிரேசிலும் டேவிஸ் கிண்ணத்தில் மோதின. அன்று ஒரு மோதலுக்கு ஐந்து ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 'ரப்பர்' என்றுதான் பெயர். நம் பால்மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றபோது கடைசி ரப்பரில் கிருஷ்ணனும் தாமஸ் கோக்கும். கோக் இரண்டு செட் எடுத்துவிட்டார், கிருஷ்ணன் ஒன்று. நாலாவது செட்டிலும் கோக் 5-2. பார்க்க வந்தவர்கள் எழுந்து போயிருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. அங்கிருந்து கிருஷ்ணன் அந்தச் செட்டை 7-5 என்று பிடுங்கி, ஐந்தாவதை 6-2 என்று முடித்தார். இந்தியா முதல் தடவையாக இறுதிச் சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றது வேறு கதை. அந்த ஒன்றும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் ஜோடியை வென்று எடுத்தது.

1968-இல் சட்டம் மாறியது. அந்த வருஷ அமெரிக்கப் போட்டியின் இறுதியில் நெதர்லாந்தின் டாம் ஓக்கரும் அமெரிக்கரான ஆர்தர் ஆஷும். ஐந்து செட் போராடி ஆஷ் ஜெயித்தார். ஆனால் அவர் ராணுவத்தில் இருந்த அமெச்சூர். பரிசை வாங்கக் கூடாது. நாளுக்கு 20 டாலர் செலவுப் பணம் மட்டும். முதல் பரிசு 14,000 டாலரைத் தோற்ற ஓக்கர் கொண்டுபோனார்! ஓக்கர் கெட்டவர் அல்லர். பரிசும் வாங்கலாம், நாட்டுக்கும் ஆடலாம் என்று வந்த புதிய விதியில் பெயர் பதிந்துகொண்டார். அதன்பின் பத்து வருஷம் உழைத்து ஆடி, 34 வயதில் 1978 விம்பிள்டன் அரையிறுதிவரை வந்தார். அந்த விதி பத்து வருஷம் முந்தி வந்திருந்தால் கிருஷ்ணன் எதையும் மறுக்க வேண்டியிருந்திருக்காது. அவர் பிறகு டேவிஸ் கிண்ணத்தை விட்டு ஓய்ந்தார். பின்னாளில் சென்னையில் எரிவாயு விநியோக ஏஜென்சி நடத்தினார். மகன் ரமேஷ் புதிய காலத்தில் வந்தவர்: 1979-இல் அப்பா வென்ற அதே சிறுவர் பட்டம், 1989-இல் ஆஸ்திரேலியாவில் அன்றைய உலக முதல்வர் மாட்ஸ் விலாண்டர்மீது வெற்றி. விளையாட்டே அவருக்குத் தொழில்.

கிருஷ்ணனைக் காட்டி, "பார், பணம் பெரிதில்லை" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. நாலரை லட்சத்தை வேண்டாமென்று சொல்ல, முதுகுக்குப் பின்னால் ஓர் அப்பாவும் ஒரு வீடும் வேண்டும். நம் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவே மாதக் கடைசியில் யோசிக்கிறோம். பரிசு வந்தால் வாங்கட்டும், உபகாரச் சம்பளம் வந்தால் கூச்சமில்லாமல் கேட்கட்டும்.

அந்தத் தாயாருக்கு நான் சொல்வது இது. மகளை மாவட்டப் பள்ளிப் போட்டிக்கு அனுப்புங்கள். புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்குத் தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்கிறார்கள்; மாவட்டக் கல்வி இலாகாவில் விசாரியுங்கள், பள்ளி ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாடத்தை மட்டும் விட விடாதீர்கள். கணுக்கால் யாருக்கும் எப்போது வேண்டுமானாலும் பிசகும், கிருஷ்ணனுக்கே பிசகியது.

பூப்பந்து என்றதும் நினைவு வருகிறது. சிரம்பானில் பிறந்து, இங் பூன் பீயோடு சேர்ந்து 1971-இல் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றாரே நம்மவர் பஞ்ச் குணாளன், அவரைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.