அடுக்களையில் ஓம் விதி

மின்சாரம் இல்லாத இல்லத்தை இன்று எண்ணிப் பார்ப்பதும் அரிது. அந்த மின்சாரத்தை வீட்டில் அதிகம் கையாள்பவர் யார்? விடியற்காலையில் மாவு அரைப்பதும், வெந்நீர் வைப்பதும், சீருடைக்கு இஸ்திரி போடுவதும் பெரும்பாலும் நம் அன்னையரும் நாமும்தான். ஆனால் பியூஸ் போய்விட்டால் மட்டும், "நீ தொடாதே, அண்ணன் வரட்டும்" என்ற குரல் எழுகிறது. தொடாதே என்பதில் அன்பு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. அதுவே நாளடைவில் 'நீ தெரிந்துகொள்ளவும் வேண்டாம்' என்று ஆகிவிடுவதுதான் நம் வருத்தம்.

ஓம் விதியைப் பள்ளியில் படிக்கத்தான் செய்கிறோம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் மின்திறன். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று கணக்கு வரும். 4 ஓம், 36 வாட் என்று விடை எழுதி மதிப்பெண் பெற்று, மறந்தும் போகிறோம். வீட்டிலுள்ள சாதனங்கள் இப்படிக் கணக்குக் கொடுப்பதில்லை. அவற்றின் அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள சிறு தகட்டில் பெரும்பாலும் வோல்ட்டும் வாட்டும்தான் இருக்கும். மற்றதை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

வாளியில் அமிழ்த்தி வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியையே எடுத்துக்கொள்வோம். தகட்டில் 230 வோல்ட், 1500 வாட் என்றிருக்கிறது. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். நம் வீடுகளின் சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு மட்டுமே ஆனது. பெரியது 16 ஆம்பியர் தாங்கும். ஆகவே இந்தக் கம்பியைச் சிறிய பாயிண்ட்டில் செருகலாகாது. அதே சிறிய பாயிண்ட்டிலிருந்து ஒரு நீட்டிப்புப் பலகையை இழுத்து, 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் 1500 வாட் கெட்டிலையும் ஒன்றாகப் போட்டால் ஏறத்தாழ 11 ஆம்பியர். பிளக் சூடேறி, கருகிய வாடை வந்த பிறகுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைக் கட்டிவிடுவோரும் உண்டு. அது காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுப்பது போலத்தான். உவமையில் வரும் ஐந்து முன்மதியுள்ள கன்னியர், எண்ணெய் எவ்வளவு வேண்டும் என்று விளக்கேற்றும் முன்பே கணக்குப் பார்த்தவர்கள் அல்லவா?

மாலையில் மின்னழுத்தம் குறைந்தால் செலவும் குறையும் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். 1000 வாட் கெட்டிலின் மின்தடை ஏறத்தாழ 53 ஓம். மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால் மின்னோட்டம் 3.4 ஆம்பியர், திறன் 612 வாட்தான். ஒரு லிட்டர் நீர் கொதிக்க ஐந்து நிமிடம் ஆன இடத்தில் எட்டு நிமிடம் ஆகும். அதற்குள் வெளியே வீணாகும் வெப்பமும் சேர்ந்து, யூனிட் சற்றுக் கூடுமே தவிரக் குறையாது.

இன்னொரு கணக்கைச் சொல்லக் கை தயங்குகிறது. ஆயினும் சொல்லியாக வேண்டும். தோல் நனைந்திருந்தால் நம் உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிர்காக்க வீடுகளில் பொருத்தும் மின்கசிவுத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும்படி அமைக்கப்பட்டது. இவ்விரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவள் ஈரக்கையால் சுவிட்சைத் தொடமாட்டாள். ஹீட்டர் கம்பியை நிறுத்தாமல் வாளியில் விரல் விட்டுச் சூடு பார்க்கவும் மாட்டாள். "தொடாதே" என்று நூறு முறை அதட்டுவதைவிட இந்த ஒரு வகுத்தல் மேல் என்பது நம் கருத்து.

எல்லாவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தாது என்பதும் உண்மை. மிக்ஸி, மின்விசிறி போன்ற மோட்டார்களில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து வருவது கம்பிச்சுருளின் மின்தடை ஆகாது. பழைய 60 வாட் குண்டு பல்பும் அப்படித்தான்: எரியும்போது 880 ஓம்; அணைந்து குளிர்ந்தபின் அளந்தால் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான்.

இந்த விதியைக் கண்ட ஜார்ஜ் சைமன் ஓம், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். ஜெர்மனியின் கொலோன் நகரில், இயேசு சபையாரின் பழைய கல்லூரியில் கணக்கும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். 1827-இல் நூல் வெளியிட்டார். லண்டன் ராயல் கழகத்தின் காப்ளி பதக்கம் 1841-இல்தான் வந்தது. அவரைப் பாடநூலில் காண்கிறோம். ஹெர்த்தா அயர்ட்டன் அம்மையாரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மின்வில்லில் வோல்ட்டும் ஆம்பியரும் எவ்வாறு மாறுகின்றன என்று அளந்து ஆராய்ந்தவர் அவர். 1899-இல் இங்கிலாந்தின் மின்பொறியாளர் கழகத்தில் முதல் பெண் உறுப்பினரானார். 1902-இல் ராயல் கழகத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, மணமான பெண் என்று காரணம் கூறி ஏற்க மறுத்தனர். அதே கழகம் 1906-இல் அவருக்கு ஹியூஸ் பதக்கம் அளித்தது. அளவுக்கருவி முன் நிற்பது ஆணா பெண்ணா என்று ஆம்பியர் பார்ப்பதில்லை, கழகங்கள்தான் பார்த்தன.

ஆகவே பெற்றோருக்கு நம் வேண்டுகோள்: மின்பணியாளர் வீட்டுக்கு வரும்போது மகளையும் அருகில் நிறுத்துங்கள். மெயின் சுவிட்ச் எங்கே, எந்தப் பாயிண்ட் எத்தனை ஆம்பியர் என்று அவளும் கேட்டு அறியட்டும். அருட்சகோதரியரிடமும் ஆசிரியையரிடமும் ஒன்று கேட்கிறோம். 12 வோல்ட், 3 ஆம்பியர் கணக்கோடு, தகட்டை அப்படியே வரைந்து "இதை எந்தப் பிளக்கில் செருகலாம்?" என்றும் தேர்வில் வினவுங்கள். தையல் கூடத்து இஸ்திரிப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். அதன் தகட்டை எழுதிக்கொள்ள நாம் நோட்டும் பென்சிலுமாக ஆயத்தமாக இருக்கிறோம்.