கற்ற பிறகே கையில் எடு!

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. சாலையெங்கும் மரங்கள்! அவற்றை அறுத்து வழி உண்டாக்க உதவியது, மரம் அறுக்கும் எந்திரம்.

சங்கிலி ரம்பம் என்பது அதுதான். கோடரியால் வெகுநேரம் பிடிக்கும் வேலையை அது சில நிமிடங்களில் முடித்துவிடும். இன்று தோப்புகளிலும் தோட்டங்களிலும் அதன் சத்தம் கேட்கிறது.

நல்லதுதான். பாடு குறைகிறது. ஆனால் ஒரு கேள்வி. அதைப் பிடிப்பவர் அதைக் கற்றவர்தானா?

மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு உரிமம் கேட்கிறோம். இந்த எந்திரத்தை ஒருவர் கையில் கொடுக்கும்போது, "பழகியிருக்கிறாயா?" என்றாவது கேட்க வேண்டாமா?

சின்ன மரந்தானே!

"சின்ன மரந்தானே, இதற்கு என்ன பயிற்சி?" என்பார்கள். மரம் சின்னதுதான். ஆபத்து சின்னது அல்ல!

முழு வேகத்தில் அந்தச் சங்கிலி ஒரு வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. அதாவது 65 அடி! கையை இழுத்துக்கொள்ள நினைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

பெரிய ஆபத்து ரம்பத்தின் நுனியில் இருக்கிறது. நுனியின் மேல்பகுதி எதிலாவது பட்டால், ரம்பம் எகிறும். அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும்.

ஆகவே, நுனியால் அறுக்கக்கூடாது. இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். இடதுகைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி இருக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கி அறுக்கவே கூடாது. சங்கிலியை நிறுத்தும் பிரேக் சரியாக இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

சாய்ப்பது எப்படி?

மரம் 20 அடி உயரம் என்றால், 40 அடி தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக்கூடாது. குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். மின்கம்பி அருகில் இருந்தால் தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

அறுப்பவர் விலகி ஓட ஒரு வழி வேண்டும். அது மரம் சாயும் திசைக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். செடி, கல் எல்லாவற்றையும் முதலிலேயே அகற்றிவிட வேண்டும்.

அடிமரம் 10 அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய வேண்டிய பக்கத்தில், 2 அங்குல ஆழத்துக்கு வாய் திறந்ததுபோல் வெட்டி எடுக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, சற்று மேலாக, அறுத்து வர வேண்டும்.

முழுவதும் அறுத்துவிடக்கூடாது! இரண்டு வெட்டுக்கும் நடுவில் 1 அங்குலம் விட வேண்டும். அது கதவுக்குக் கீல் போன்றது. மரத்தைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய பக்கம் சாய்ப்பது அதுதான். கீலை அறுத்துவிட்டால், மரம் தன் இஷ்டப்படி விழும்.

இதைப் படிப்பது எளிது. செய்வது எளிதல்ல. தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும்.

யார் கடமை?

லுங்கியும் வெறுங்காலும் இந்த வேலைக்கு உதவா. தலைக்கவசம், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு, கெட்டியான பூட்ஸ் ஆகியவை வேண்டும். இதற்கென்றே கால்சட்டையும் உண்டு. சங்கிலி பட்டால், அதற்குள் இருக்கும் நார்கள் வெளியே வந்து சங்கிலியில் சிக்கும். அதை நிறுத்திவிடும்.

அன்றாடக் கூலியில் இவற்றையெல்லாம் வாங்க முடியுமா? வேலை கொடுப்பவர்தான் தர வேண்டும். எந்திரம் விற்பவர் ஒரு நாளாவது பயிற்சி தர வேண்டும். ஊராட்சிகள் பயிற்சி முகாம் நடத்த வேண்டும். புயல் அடித்த பிறகு அல்ல, அடிப்பதற்கு முன்பே!

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மரம் வெட்ட ஆள் தேடும்போது, "குறைந்த கூலிக்கு வருபவர் யார்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வேலை கற்றவர் யார்?" என்று கேளுங்கள்.

ஒரு மரம் போனால் இன்னொன்று நடலாம். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் கை போனால், அதை எங்கே வாங்குவது?