லிப்ட் ஓட்டிய பிடில்காரர்

நம் வீட்டுப் பெரியவர்கள் வயலினைப் 'பிடில்' என்றுதான் சொல்வார்கள். கச்சேரி கேட்டுவிட்டு வந்தால், "பாட்டு சுமார்தான், பிடில்காரர்தான் காப்பாற்றினார்" என்று தீர்ப்பும் வழங்குவார்கள்.

அமெரிக்காவிலும் இந்த வார்த்தை உண்டு. ஆனால் அங்கே ஒரு பேதம் பாராட்டுகிறார்கள். பெரிய மண்டபத்தில், எதிரே காகிதத்தை வைத்துக்கொண்டு, எழுதிய ஸ்வரத்தை வாசித்தால் அது வயலின். அதே வாத்தியத்தைக் காதால் கேட்டுக் கற்று, கிராமத்துக் கொட்டகையில் ஆடுகிறவர்களின் காலுக்குத் தக்கபடி வாசித்தால் அது பிடில்! வாத்தியம் ஒன்றுதான், வாசிக்கிற இடத்தைப் பொறுத்துப் பெயரும் மாறுகிறது, மரியாதையும் மாறுகிறது.

அந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்த ஒருவரைத்தான் இந்த வாரம் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். பெயர் ஜான் கார்சன். ஊரார் வைத்த பெயர் 'பிடில் ஜான்'.

அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாகாணத்து மலைப் பக்கத்தில், 1870-ஐ ஒட்டிப் பிறந்தவர். விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் மலையிலிருந்து நகரத்துக்கு இறங்கிய குடும்பங்கள் அந்தக் காலத்தில் ஏராளம். ஜானும் அப்படித்தான் மனைவி மக்களுடன் அட்லாண்டா நகருக்கு வந்து சேர்ந்தார். பஞ்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். பகலெல்லாம் பஞ்சுத் தூசி, மாலையில் பிடில். 1914-ல் ஆலையில் வேலைநிறுத்தம் வந்தது. கூலி நின்றால் அடுப்பு நிற்குமா? தெரு முனைகளில் நின்று பிடில் வாசித்தார். விழுந்த காசுதான் வீட்டுக்கு அரிசி பருப்பு. அதாவது, அவர்கள் ஊர் சோள மாவும் மொச்சையும்.

1913 முதல் அட்லாண்டாவில் வருஷா வருஷம் பிடில்காரர்களுக்கென்று பெரிய போட்டி நடந்தது. அதில் பல தடவை முதல் பரிசை வென்றவர் நம் ஜான். 1922-ல் அந்த நகரில் ரேடியோ நிலையம் ஆரம்பமானபோது, அங்கேயும் போய் வாசித்தார், பாடினார். பஞ்சாலைத் தொழிலாளியின் குரல் காற்றில் ஏறிக் காத தூரம் போயிற்று.

இப்போதுதான் கதையின் வேடிக்கையான கட்டம் வருகிறது. அட்லாண்டாவில் போல்க் பிராக்மன் என்ற வியாபாரி இருந்தார். மேஜை நாற்காலிக் கடை. அதிலேயே இசைத்தட்டு வியாபாரமும். அந்த நாளில் கிராமபோன் பெட்டியும் ஒரு மரச்சாமான்தானே! 'ஜானின் பாட்டை இசைத்தட்டில் பிடித்தால் நம் ஊரில் விற்கும்' என்று அவருக்குத் தோன்றியது. 'ஓக்கே' என்ற நியூயார்க் கம்பெனியிலிருந்து ரால்ப் பியர் என்பவர் கருவிகளுடன் வந்து இறங்கினார். 1923 ஜூன் மாதம், நாஸா தெருவில் ஒரு கட்டடத்தில் ஒலிப்பதிவு நடந்தது. ஒரு பக்கம், பழைய மரக் குடிசையை நினைத்து ஏங்கும் பாட்டு. மறு பக்கம், கோழி கொக்கரிக்க, சேவல் கூவப் போகிற பாட்டு.

பாட்டைக் கேட்ட பியருக்கு முகம் சுளித்தது. படு மோசம் என்பது அவர் அபிப்பிராயம். ஆனால் பிராக்மன் விடவில்லை. "எனக்கு 500 தட்டு போட்டுக் கொடுங்கள், போதும்" என்றார். வேண்டா வெறுப்பாகப் போட்டுக் கொடுத்தார்கள். விற்பனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள எண் கூடக் கொடுக்கவில்லை. ஐந்நூறும் சீக்கிரமே பறந்துவிட்டன! மேலும் அனுப்பும்படி கடையிலிருந்து கேட்டார்கள். அப்புறம் என்ன? எண்ணும் கிடைத்தது, இன்னும் பாடுவதற்கு நியூயார்க்கிலிருந்து ஜானுக்கு அழைப்பும் வந்தது. நாட்டுப்புறத்தாருக்கென்று தனியாக இசைத்தட்டு போடலாம், அதில் காசு உண்டு என்று கம்பெனிகள் கண்டுகொண்டது இதிலிருந்துதான். இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் 'கன்ட்ரி' சங்கீத வியாபாரத்தின் கணக்குப் புத்தகத்தில் இதை முதல் வரவு என்றே சொல்லலாம்.

நிபுணர் காதுக்கு நாராசமாயிருந்தது ஜனங்களுக்கு ஏன் இனித்தது? மலையை விட்டு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அந்தக் கரகரத்த குரலில் தங்கள் அப்பாவையும் சித்தப்பாவையும் கேட்டார்கள். 'இவன் நம்மவன்' என்ற நம்பிக்கைதான் அந்தத் தட்டை விற்றது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. ஆனால் நியாயமாகாது. பத்து வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1913 ஏப்ரலில், மேரி பேகன் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி, அட்லாண்டாவில் தான் வேலை செய்த பென்சில் தொழிற்சாலைக்குப் பாக்கிச் சம்பளம் வாங்கப் போனாள். ஒரு டாலர் இருபது சென்ட். வாங்கப் போனவள் வீடு திரும்பவில்லை; கொலையுண்டு கிடந்தாள். தொழிற்சாலை மானேஜர் லியோ பிராங்க் மீது பழி விழுந்தது. அவர் யூதர், வடக்கேயிருந்து வந்தவர். ஊரே கொதித்தது. மரண தண்டனை விதித்தார்கள். சாட்சியம் சரியில்லை என்று கண்ட கவர்னர் 1915-ல் அதை ஆயுள் தண்டனையாக மாற்றினார். ஆகஸ்டு மாதம் ஒரு கும்பல் சிறையில் புகுந்து பிராங்கைத் தூக்கிச் சென்று மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றது.

அந்தக் குழந்தையைப் பற்றிப் பாட்டுக் கட்டியவர் நம் பிடில் ஜான். நீதிமன்ற வாசலில் நின்று பாடினார். பெற்ற வயிறு பற்றி எரியும் பாட்டு. ஆனால் அதில் பிராங்க்தான் கொலைகாரன். பஞ்சாலையில் தங்கள் குழந்தைகளும் வேலை செய்து தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் அதைக் கேட்டு அழுதார்கள். அழுததோடு நில்லாமல் நம்பினார்கள். 'இவன் நம்மவன், பொய் சொல்லமாட்டான்' என்ற அதே நம்பிக்கைதான்!

ஜானின் மகள் ரோஸா லீ கெட்டிக்காரப் பெண். கிடாரும் பாஞ்சோவும் வாசிப்பாள். மேடையில் அப்பாவை வாய்க்கு வாய் மடக்கிச் சபையைச் சிரிக்க வைப்பாள். நாட்டுப்புற இசைத்தட்டில் பாடிய முதல் பெண்களில் ஒருத்தி. 1925-ல், பதினைந்து வயதில், அவள் பாடிக் கொடுத்த பாட்டுகளில் ஒன்று எது தெரியுமா? மேரி பேகன் பாட்டுத்தான். 1986-ல் ஜார்ஜியா அரசு, பிராங்கைக் காப்பாற்றத் தவறியதை ஒப்புக்கொண்டு, இறந்தவருக்கு மன்னிப்பு வழங்கியது. அவர் குற்றமற்றவர் என்பதே இன்று சரித்திர ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் முடிவு. அப்போது ரோஸா கிழவியாகிவிட்டிருந்தாள்.

ஜான் என்ன ஆனார்? 1934-க்குப் பிறகு இசைத்தட்டுக் கம்பெனிகள் அவரைக் கூப்பிடவில்லை. அதனால் என்ன, தேர்தல் மேடைகளில் அரசியல்வாதிகளுக்காகப் பிடில் வாசித்திருந்தார் அல்லவா? அதற்குக் கைம்மாறாக மாகாணச் சட்டசபைக் கட்டடத்தில் ஒரு வேலை கிடைத்தது: லிப்ட் ஓட்டும் வேலை. எத்தனையோ பேரை மேலே ஏற்றிவிட்டுத் தாம் கீழே வந்துகொண்டிருந்தார். 1949 டிசம்பரில் காலமானார்.

அவரை ஏளனம் செய்த நிபுணர் தோற்றார், ஜனங்கள் ஜெயித்தார்கள் என்பது வாஸ்தவம். அதே ஜனங்கள், அதே குரலைக் கேட்டு, ஒரு நிரபராதியின் விஷயத்தில் தோற்றார்கள் என்பதும் வாஸ்தவம். பாட்டு நம் மனத்தைத் தொடுகிறதா என்பதைக் காது சொல்லிவிடும். அது சொல்லுகிற சேதி உண்மையா என்று விசாரிக்கிற வேலையை மட்டும் காதிடம் விட்டுவிடக் கூடாது.