வீராங்கனைக்குக் கவசம் வேண்டாமா?

மாலை நேரத்து மும்பை புறநகர் ரயிலில் ஏறிப் பாருங்கள். பள்ளிப் பையன் முதல் நம்மைப் போன்ற குமாஸ்தா வரை செல்போனில் வீடியோ விளையாட்டு ஆடிக்கொண்டு வருகிறார்கள். களைப்புத் தீர ஆடுவதில் தவறில்லை. ஆனால் இத்தகைய விளையாட்டுகளில் பெண்ணை எப்படிச் சித்திரித்து வந்திருக்கிறார்கள் என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

1986-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி வெளியிட்ட 'மெட்ராய்ட்' விளையாட்டில் கவசம் பூண்ட வீரர் ஒருவர் வருகிறார். முடிவில் கவசம் கழன்றால், அவர் ஒரு பெண்! நல்ல எண்ணந்தான். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஆடி முடிப்பவருக்கு என்ன பரிசு தெரியுமா? அவளை நீச்சல் உடையில் காட்டுகிறார்கள். வீராங்கனையே பரிசுப் பொருளாகி விட்டாள்.

1998-ல் நாம்கோ கம்பெனியின் 'சோல்காலிபர்' வந்தது. அதில் நைட்மேர் என்ற வீரனுக்குக் கனத்த இரும்புக் கவசம். அவனோடு போர் புரியும் ஐவி என்ற பெண்ணுக்கோ பாதி மேனி தெரியும் உடை. வாள் என்ன, ஆண் பெண் பார்த்தா வெட்டும்?

"ஆண்களையும்தானே மலை போன்ற தோளோடு வரைகிறார்கள்?" என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் அது, ஆடுகிறவன் தனக்கு வேண்டுமென்று ஆசைப்படும் தோள். பெண்ணின் உருவமோ அவன் பார்த்து ரசிப்பதற்கென்றே வரைந்தது. இழிவு இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

கவர்ச்சி இல்லாவிட்டால் சரக்கு விற்காது என்பார்கள். அதுவும் சரியல்ல. 1996-ல் இங்கிலாந்தில் பிறந்த 'டூம் ரெய்டர்' நாயகி லாரா கிராப்ட் அரைக்கால் சட்டையும் மிகைப்படுத்திய உடலுமாக வந்தாள். 2013-ல் அவளுக்கு முழுக்கால் சட்டை அணிவித்து, இயல்பான உருவம் கொடுத்தார்கள். அந்த விளையாட்டு ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

நம் மத்திய ரயில்வேயில் நாட்டின் முதல் பெண் எஞ்சின் டிரைவராகி, 2025-ல் ஓய்வு பெற்றவர் சுரேகா யாதவ். அவரது வேலையைத்தான் நாடு பாராட்டியது. கற்பனைப் பெண்ணுக்கும் அந்த மரியாதை ஏன் கூடாது?

பிள்ளையின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பெண் ஏனப்பா இந்த உடையில் சண்டைக்குப் போகிறாள்?" என்று ஒரு முறை கேளுங்கள். மீதியை அவனே யோசிப்பான்.